நூறுக்கு ஐம்பது

"இன்னும் கொஞ்சம்" என்று அவர் முன்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது. கேன்டீனில் போஹா என்கிற அவல் உப்புமா பரிமாறுகிறவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "அவுர் தோடா, மேடம்?" என்று கேட்டால்கூடத் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, அந்த மனிதர் ஏதோ தப்புக் காரியம் செய்ய வந்தவர் மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவு கறார். கஞ்சம் என்றும் சிலர் சொன்னார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

பூனா பக்கத்தில் போசரியில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி பசை தயாரித்தது. பிள்ளைகள் நோட்டில் படம் ஒட்டுகிற பசை இல்லை. இரும்பையும் கல்லையும் மரத்தையும் பிடித்துக்கொள்கிற, இரண்டு டப்பாக்களில் வருகிற பசை. ஏ டப்பாவில் நூறு கிராம் எடுத்தால் பி டப்பாவில் ஐம்பது கிராம் எடுக்கவேண்டும். கலக்கவேண்டும், தடவவேண்டும், காத்திருக்கவேண்டும். அவ்வளவுதான் சமாசாரம். அவர் லேபுக்குப் பொறுப்பு. நான் விற்பனைப் பிரிவு, அதாவது பேச்சை வைத்துப் பிழைக்கிறவன். வாடிக்கையாளர் ஒன்று கேட்டால் இரண்டு தருவதாகச் சொல்லிவிட்டு வந்து, லேப் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். முதலில் கொஞ்ச காலம் அவரை மேடம் என்றேன். அப்புறம் எப்படியோ அக்கா ஆகிவிட்டது. அவர் கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சேல்ஸ்' என்பார். கோபமாக இருந்தால் 'ஏ சேல்ஸ்'.

அவருடைய குடும்பம் எப்போதோ வேலூர்ப் பக்கத்திலிருந்து தேஹு ரோடு ராணுவ டெப்போ வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். அவர் தமிழில் வேலூர் பாதி, இந்தி பாதி, நடுவில் மராத்தி ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள. கோயம்புத்தூரில் வளர்ந்த எனக்கு முதல் வாரம் பாதிக்கு மேல் புரியவில்லை. அவருக்கு என் 'ங்க' பிடிக்காது. "இன்னாத்துக்கு இவ்ளோ மரியாத? பாதி கொறச்சிக்கோ" என்பார். மரியாதையில்கூட அவருக்கு அளவு இருந்தது.

பசை ஒட்டவில்லை என்று புகார் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் போவோம். சாக்கனில் ஒரு பட்டறை, ஹடப்சரில் ஒரு மரக்கடை என்று என் பைக்கின் பின்னால் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து வருவார். போன இடத்தில் முதலாளி கத்துவார், நான் சமாதானம் பேசுவேன், அக்கா யாரையும் கவனிக்காமல் ஒட்டின இடத்துக்கு நேராகப் போவார். கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து. பிறகு குனிந்து மோந்து பார்ப்பார். அழுகின மீன் மாதிரி லேசாக ஒரு வாடை வந்தால் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தமிழில் சொல்வார்: "யாரோ பாசம் காட்டிகீறாங்க."

பி டப்பா என்பது இறுக்குகிற சாமான். பெயரே ஹார்டனர். கொஞ்சம் ஊற்றினால் இறுகும் என்றால், நிறைய ஊற்றினால் நன்றாக இறுகும் என்று உலகத்தில் எல்லோருக்கும் தோன்றுகிறது. டிசம்பர் காலையில் குளிருக்குப் பசை சோம்பலாக இருந்தால் இன்னும் ஊற்றுவார்கள். வேலை அவசரம் என்றால் இன்னும். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படி ஊற்றின பசை சட்டென்று சூடாகிக் கெட்டியாகிற மாதிரி ஒரு வேஷம் போட்டுவிட்டு, உள்ளே பாலாடைக்கட்டி மாதிரி கிடக்கும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும். முதலாளியிடம் இதை இந்தியில் நயமாகச் சொல்லவேண்டியது என் வேலை. 'பாசம்' என்பதை நான் ஒருநாளும் மொழிபெயர்த்ததில்லை.

"ஒவ்வொண்ணுக்கும் இத்தன கைன்னு இருக்குது, சேல்ஸ்" என்பார் திரும்பி வருகிற வழியில், என் முதுகுக்குப் பின்னாலிருந்து, காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு. "ஹைட்ரஜனுக்கு ஒரு கை. ஆக்சிஜனுக்கு ரெண்டு. நைட்ரஜனுக்கு மூணு. கார்பனுக்கு நாலு. கைய கோத்துகினா காம்பவுண்டு. எல்லா கையும் ரொம்பிடுச்சுன்னா பஸ், கதம், அவ்ளோதான். அதுக்கு மேல நீ கொண்டாந்து கொட்டுனா அது எங்க போவும்? கை காலியா நின்னுகினு நாறும்."

இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் நானும் படித்ததுதான். பரீட்சை எழுதி மறந்ததுதான். ஆனால் அவர் அதைப் படித்த விஷயமாகப் பேசவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டை சொல்கிற மாதிரி சொல்வார். "தண்ணிய எடுத்துக்கோ. இந்திராயணி ஆத்துல மொண்டாலும் அதான், ஏர்கூலர்ல சொட்டுனாலும் அதான். ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். பாவம் தாகமா இருக்குதேன்னு இன்னொரு ஆக்சிஜன சேத்து குடுத்துப் பாரு. அது தண்ணி இல்ல. காயத்துல ஊத்துனா நொரைக்குதே, அந்த மருந்து. நல்ல மருந்துதான். ஆனா குடிக்க முடியாது."

இன்னொரு நாள் கேன்டீனில் வடாபாவ். பாவ் ரொட்டி ஒரு கூடை இருந்தது, வடை தீர்ந்துபோய்விட்டது. வரிசையில் நின்ற நாங்கள் வெறும் கையோடு திரும்பினோம். நான் முணுமுணுத்தேன், பாவ் இவ்வளவு கிடக்கிறதே என்று. அக்காவுக்கு அன்றைக்கு முழுவதும் உற்சாகம். "பாத்தியா? எது கம்மியோ அதான் முடிவு பண்ணும். நீ லாரி லாரியா பாவ் எறக்கு, ஒரு வடாபாவ்கூட ஜாஸ்தி வராது. கம்மியா இருக்கிறது இன்னான்னு பாக்காம, கையில நெறைய வெச்சிகினு இருக்கிறதையே போட்டுகினு இருப்பானுங்க."

மனிதர்களையும் இப்படித்தான் பார்ப்பார். யாரோடும் ஒட்டாத எங்கள் கணக்குப் பிரிவு மேலாளருக்கு 'ஆர்கான்' என்று பெயர் வைத்திருந்தார். யார் கூப்பிட்டாலும் போகிற என்னை ஆக்சிஜன் என்பார். "எல்லார் கூடவும் ஒட்டிக்குவ. வுட்டா இரும்பையும் துருப்புடிக்க வெச்சிடுவ." உங்களுக்கு எத்தனை கை அக்கா என்று ஒருமுறை கேட்டேன். "எண்ணிகினேதான் கீறேன்" என்றார்.

அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு என்னையும் நித்யாவையும் கூப்பிட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி, நித்யா பூனாவுக்கு வந்த முதல் குளிர்காலம் அது. அக்காவின் கணவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம், நேர் எதிர். ஆறடி ஆள், தட்டில் பிரியாணி குறைந்தால் அவருக்கு மனசு தாங்காது. அக்கா ஒருமுறை அளவாகப் பரிமாறிவிட்டு உள்ளே போவார். உடனே அங்கிள் கண்ணைச் சிமிட்டிவிட்டு, கோழித் துண்டுகளாகப் பொறுக்கி எங்கள் தட்டில் போடுவார். காலடிச் சத்தம் கேட்டதும் கரண்டியை மேஜைக்கடியில் ஒளித்துக்கொள்வார். அக்காவுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

அன்றைக்கு நானும் என் பங்குக்கு நித்யாவின் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தேன். அவள் ஊரை விட்டு வந்து சோர்ந்து கிடந்தாள். சாங்வியில் எங்கள் சந்தில் யாரையும் தெரியாது, மராத்தி தெரியாது, இந்தி நாலு வார்த்தை. அதனால் நான் எதையும் விட்டுவைக்கவில்லை. மதியம் மூன்றுமுறை போன் செய்வேன். சாயங்காலம் வரும்போது பூ, பலகாரம், ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது ஊர்சுற்றல். காய்கறிக்காரரிடம் அவள் சார்பில் நானே பேசுவேன். அவளோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். அக்கா என் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சேல்ஸ், அந்தப் பொண்ணோட எல்லா கையையும் நீயே புடிச்சிகினு இருந்தா, வேற யாரு வந்து புடிப்பாங்க?"

எல்லோரும் சிரித்தோம். நித்யா மட்டும் சிரிக்காமல் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அப்போது அதன் அர்த்தம் எட்டவில்லை.

அங்கிள் இறந்தது இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். ஆனால் இந்த இடத்தில்தான் சொல்லத் தோன்றுகிறது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் அக்கா நின்றுகொண்டு, துக்கம் கேட்க வீட்டுக்கு வருகிறோம் என்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கிழமை சொன்னார். நீ நாளைக்கு வா. நீ சனிக்கிழமை. உங்க வீட்டுக்காரர் அடுத்த வாரம். ஜனங்கள் திகைத்துப்போனார்கள். செத்த வீட்டுக்கு யாராவது முறை வைப்பார்களா? இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று ஓர் அம்மாள் என் காதில் விழும்படியே சொன்னார். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

எனக்கு வந்தது அதற்கடுத்த மாதத்தில் ஒரு புதன்கிழமை. போனேன். வீடு காலியாக இருந்தது. பேசவேண்டியதை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன், வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் டீ குடித்தோம். அங்கிளின் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். டீக் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு வந்து, "எல்லாரும் ஒரே நாள்ல வந்துட்டா எனக்கு எத்தன கை இருக்குது, சேல்ஸ்? பாதிப்பேர் துக்கம் கீழ கொட்டிப் பூடும். அப்புறம் நாலாவது வாரம் இந்தக் கதவ தட்டுறதுக்கு ஒரு ஆளு இருக்காது" என்றார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். அதற்கப்புறம் அவரைக் கஞ்சம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்து வந்த கணபதிப் பண்டிகைக்குத் திரும்புகிறேன். நித்யா அதற்குள் ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. "கொஞ்ச நாள் அம்மாகூட இருந்துட்டு வர்றேனுங்க" என்றாள். திரும்பி வருகிற டிக்கெட்டைப் பற்றிப் பேச்சை எடுத்தால் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். பண்டிகை முடிந்து மறுவாரம் கோவைக்கு ஒரு டிக்கெட் போட்டோம்.

எங்கள் சந்தில் வருஷா வருஷம் சின்னதாக ஒரு கணபதி வைப்பார்கள். இரண்டடிக் களிமண் சிலை. கரைத்த மண்ணைச் சந்துச் செடிகளுக்குப் போட்டுவிடுவார்கள். முன்னின்று நடத்துகிறவர் எதிர் வீட்டுப் பெரியவர், எல்லோருக்கும் காகா, சித்தப்பா மாதிரி. அவருடைய மருமகளை எல்லோரும் வஹினி என்பார்கள், அண்ணி என்று அர்த்தம். சதுர்த்திக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வஹினி எங்கள் கதவைத் தட்டி, தோரணம் கட்டக் கை வேண்டும் என்று ஜாடை காட்டினாள். அத்தனை மாதத்தில் நித்யாவை யாரும் எதற்கும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் தலைகூட வாராமல் ஓடினாள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்டூலில் ஏறித் தோரணம் கட்டிவிட்டு இறங்கும்போது துப்பட்டா மாட்டி, கணபதியின் வலது கை, ஆசீர்வாதம் செய்கிற கை, மணிக்கட்டோடு கழன்று விழுந்துவிட்டது. வஹினி சத்தம் போட்டாளாம். என்ன சொன்னாள் என்று நித்யாவுக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் மோசமாகப் புரிந்துகொண்டாள்.

"டிக்கெட்ட நாளைக்கே மாத்திப் போடுங்க" என்றாள். "இந்தச் சந்துல இனி எப்படீங்க மூஞ்சியக் காட்டுவேன்?" உள்ளே போய்ப் பெட்டியில் துணியை வைக்க ஆரம்பித்தாள்.

நான் சந்தில் சிலை வைத்திருந்த மண்டபத்துக்கு ஓடினேன். சிலையின் முகம் துணியால் மூடியிருந்தது. மறுநாள் காலை பிரதிஷ்டையின்போதுதான் துணியை எடுப்பார்கள். காகா நிதானமானவர். துணி இருக்கிறவரை இது மண்தான், எடுத்தபிறகுதான் பாப்பா, அதாவது கணபதி சாமி, அதற்குள் கை ஒட்டிவிட்டால் குற்றமில்லை, ஒட்டாவிட்டால் இந்த வருஷம் நம் சந்தில் கணபதி இல்லை என்றார். சிலை செய்தவர் போனை எடுக்கவில்லை. எனக்கா கவலை? வீட்டில் இரண்டு டப்பாக்களும் மாதிரிக்கு வைத்திருந்தேன். பசைக் கம்பெனிக்காரன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டினேன்.

சந்து ஆண்கள் சுற்றி நிற்க ஒரு காகிதக் கோப்பையில் கலக்கினேன். நூறுக்கு ஐம்பது என்று எனக்குத் தெரியாதா? ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன் நான்தானே. ஆனால் காகா, "பாப்பாவுக்காக இன்னும் கொஞ்சம்" என்றார். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பது அங்கே வழக்கம். பிரசாதத்துக்கு நெய் ஊற்றுகிறவர்கள் நிறுத்தச் சொல்கிறவரை ஊற்றுவார்கள். ஊற்றினேன். இன்னொருவர் தன் பங்குக்கு ஒரு சொட்டு என்றார். ஊற்றினேன். வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறவளை நினைத்து, நானாகவும் ஒரு பங்கு ஊற்றினேன். கோப்பை கையில் பிடிக்க முடியாமல் சூடானது. ஒட்டினோம். உடனே பிடித்துக்கொண்டது. கணபதி பாப்பா மோரியா என்று கோஷம் போட்டார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்தக் கை மெல்ல இறங்கித் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போனேன். மீன் வாடை.

அக்காவுக்குப் போன் போட்டேன். சர்ச்சிலிருந்து வந்து அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருக்கிறார். நான் நடந்ததைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள், "எவ்ளோ பாசம் காட்டுன?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எவனும் தொடாதீங்க. வரேன்."

தேஹு ரோட்டில் லோக்கல் ரயில் பிடித்து, தாபோடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்தார். சர்ச்சுக்குக் கட்டின வெள்ளைச் சேலை. கையில் துண்டில் சுற்றின சின்ன எலக்ட்ரானிக் தராசு. செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு, சிலைக்கு முன்னால் ஒரு நொடி தலையைத் தாழ்த்தி நின்றுவிட்டுத்தான் கிட்டே போனார். நகத்தால் அழுத்தினார். பிளேடு, தின்னர், சுத்தமான துணி கேட்டார். நான் காட்டின அத்தனை பாசத்தையும் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். அது ஈரக் களிம்பாக வந்துகொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் பார்க்க, எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சுத்தம் செய்து முடித்ததும், "ஒடச்ச பொண்ணு எங்க?" என்றார்.

"வீட்டுக்குள்ள இருக்காளுங்க அக்கா. அழுதுட்டு இருக்கா. விட்ருங்க, நானே கலக்கறேன்."

"அவ வராம நான் டப்பாவ தொறக்க மாட்டேன்."

நித்யா வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அக்கா ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவேண்டுமே, இல்லை. தராசை அவள் முன்னால் வைத்தார். "இருபது ஏ. பத்து பி. நீயே ஊத்து. ஒரு சொட்டு ஜாஸ்தி பூடுச்சுன்னா கீழ கொட்டிட்டு முதல்லருந்து பண்ணு. யார் என்ன சொன்னாலும் காதுல வாங்காத. முக்கியமா இவன் சொன்னா." இவன் என்றது என்னை.

முதல் தடவை டப்பாவை அதிகமாகச் சாய்த்துவிட்டாள், பி கூடிவிட்டது. பரவாயில்லை என்று நான் வாயெடுத்தேன். நித்யா என்னைப் பார்க்கவே இல்லை. கோப்பையை எடுத்து ஓரமாகக் கொட்டிவிட்டு, துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை தராசு பத்தில் நின்றது. அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஏதோ ஓர் அமைதி வந்தது.

அளவாகக் கலந்த பசை உடனே பிடிக்காது. பிடிக்கிறவரை ஆடாமல் அசையாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், ஒருவர் விழுந்த கையை, ஒருவர் சிலையின் மணிக்கட்டுக்குக் கீழே. காகா முன்னால் வந்தார். நானும் வந்தேன்.

"நீ எதுக்கு?" என்றார் அக்கா. "இங்க நீ எக்ஸ்ட்ரா, சேல்ஸ். அப்பால போ."

எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நகர்ந்து மண்டப வாசலில் போய் நின்றேன். அக்கா மராத்தியில் வஹினியைக் கூப்பிட்டார். காலையில் சத்தம் போட்டவள். அவள் தயங்கித் தயங்கி வந்து கணபதியின் மணிக்கட்டுக்குக் கீழே பிடித்தாள். நித்யா விழுந்த கையைப் பொருத்திப் பிடித்தாள். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு முகங்கள். இரண்டும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மழை லேசாகத் தூறியது. ஒரு கொசு வந்து வஹினியின் கன்னத்தில் உட்கார்ந்தது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூக்கைச் சுளித்தாள், உதட்டைக் கோணினாள், கொசு அசையவில்லை. நித்யா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கழுத்தை நீட்டி ஃபூ என்று ஊதினாள். கொசு பறந்து நித்யாவின் நெற்றியில் உட்கார்ந்தது. இப்போது வஹினி ஊதினாள். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. தோள் குலுங்கியது.

"ஹலூ நகா!" என்று அக்கா அதட்டினார். ஆடாதீர்கள் என்று அர்த்தம். அதற்கு இன்னும் சிரித்தார்கள், சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வர.

பிறகு வஹினி அவளிடம் கேட்டது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. உன் பெயர் என்ன? அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்திருக்கிறோம். பேச்செல்லாம் நானே பேசிக்கொண்டிருந்ததில், அந்தச் சந்தில் யாருக்கும் என் மனைவியின் பெயர் தெரிந்திருக்கவில்லை.

அக்காவை ஆட்டோ ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டேன். நிற்குமா அக்கா என்று கேட்டேன். "ஒட்டுறது அதோட வேல. தொடாம இருக்கிறது உன் வேல" என்றார். என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

"இன்னா, எக்ஸ்ட்ரான்னு சொன்னது குத்திடுச்சா?"

"இல்லீங்க்கா."

"பொய். கேளு. எக்ஸ்ட்ராவா இருக்கிறது ஒண்ணும் பாவம் இல்ல. சேர்ற எடம் அது இல்ல, அவ்ளோதான். அங்கயே நின்னுகினு இருந்தாதான் நாறும்." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அந்தப் பொண்ணுக்கு உன்ன ரொம்பப் புடிக்கும்டா. ஆனா உன்ன மட்டுமே புடிச்சிகினு எவ்ளோ நேரம் நிப்பா?" என்றார். டா போட்டது அது ஒருமுறைதான்.

மறுநாள் காலை துணியை எடுத்தபோது கணபதி நாலு கையோடு இருந்தார். நித்யா வஹினிக்குப் பக்கத்தில் நின்று ஆரத்தியில் கை தட்டினாள், வார்த்தை தெரியாத இடங்களில் வெறுமனே வாயசைத்தாள். கரைத்தது ஐந்தாம் நாள். சந்து முனையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே உட்கார வைத்தார்கள். விடிந்து பார்த்தால் தொட்டியில் சேறுதான் இருந்தது. வஹினி சேற்றை அள்ளிச் செடிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, எதையோ கழுவி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். "நித்யா, ஹே துஜ்ஹ ஆஹே" என்றாள். இது உன்னுடையது.

தேன் நிறத்தில் ஒரு சின்ன வில்லை. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. கணபதி முழுக்கக் கரைந்து போயிருக்க, மணிக்கட்டில் நித்யா ஒட்டின பசை மட்டும் கரையாமல் இருந்தது. நித்யா அதைக் கையில் வாங்கி மராத்தியில் ஏதோ பதில் சொன்னாள். நான் எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் அந்த வாரம்தான் பழகிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மாலை அவளே சொன்னாள்: "ஏங்க, அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க. வஹினி நவராத்திரிக்குக் கூப்பிட்டிருக்காங்க. தீபாவளிக்கு ரெண்டு பேருமா போலாம்."

அக்கா ரிட்டயராகி இப்போது நாசிக்கில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டார். வைப்பதற்கு முன் நித்யாவிடம் கொடு என்பார். அவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை.

அந்த வில்லை கைக்கு வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமையே நான் அதை லேபுக்குக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்திருந்தேன். யார் கலந்தது என்று தெரிந்தும் முறைப்படி செய்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை அழுத்தினார். திருப்பிப்போட்டு இன்னொருமுறை. நகம் பதியவில்லை. மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் மோந்து பார்த்தார். பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

"எல்லா பாசமும் செலவாயிடுச்சு, சேல்ஸ்" என்றார். "மிச்சமே இல்ல."